8 வயது மகனுக்கு ஃபுட்பால் அகாடமி அழைப்பு: கையெழுத்துப் போடலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். லண்டனில் ஒரு கிளப்பின் அகாடமி உங்கள் 8 வயது மகனை அண்டர்-9 (9 வயதுக்குட்பட்டோர்) அணிக்கு அழைத்திருக்கிறது, வாரம் மூன்று நாள் போக வேண்டும், பையன் ஜூலையில் பிறந்தவன், படிப்பு கெடுமா, கிளப் பக்கமாக வீடு வாங்கிப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பெரியவனான பிறகு என்னைக் கேட்க மாட்டானா?" இதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். இங்கிலாந்தின் வடக்கே ஒரு லீக் கிளப்பின் அகாடமியில் 11 வருஷம் பகுதிநேரமாக வேலை பார்த்தேன். நான் கோச் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. பையன்களின் முழங்காலையும் குதிகாலையும் பார்த்தவன், சிகிச்சைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர்கள் பேசியதைக் கேட்டவன், அவ்வளவுதான். பெண் பிள்ளைகளின் அகாடமியில் வேலை செய்ததில்லை, அதனால் இங்கே சொல்வதெல்லாம் பையன்களைப் பற்றியது.

முதலில் கையிலிருக்கும் தாளை எடுத்துப் பாருங்கள். அது அகாடமியில் பதிவு செய்வதற்கான படிவமா, அல்லது 'டெவலப்மென்ட் சென்டர்', 'எலீட் ஸ்க்வாட்' என்று ஏதாவது பெயர் போட்ட, மாதக் கட்டணம் கேட்கிற கடிதமா? இங்கிலாந்தில் லீக் கிளப்களின் முறையான அகாடமி, பதிவு செய்த பையனிடம் பயிற்சிக்குக் காசு வாங்காது. காசு கேட்டால் அது வேறு வியாபாரம். கிளப்பின் சின்னம் போட்ட சட்டை கொடுப்பார்கள், பயிற்சிகூட நன்றாகவே இருக்கலாம், ஆனால் அது டியூஷன் மாதிரி. அதில் சேர்ந்ததை "செலக்ட் ஆகிவிட்டான்" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் பிறகு விழித்த பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் அண்டர்-9 பதிவு என்றே இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால், மீதியை அதை நம்பி எழுதுகிறேன்.

இணையத்தில் ஒரு கணக்கு சுற்றிக்கொண்டே இருக்கும்: இங்கிலாந்தில் 15 லட்சம் சிறுவர்கள் ஆடுகிறார்கள், அவர்களில் 180 பேர்தான் நாட்டின் உச்சப் போட்டியான பிரீமியர் லீக் வரை போகிறார்கள் என்று. பயமுறுத்துவதற்கு நல்ல கணக்கு, முடிவெடுக்க உதவாத கணக்கு. அந்த 15 லட்சத்தில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் ஓடுகிற எல்லாப் பையனும் சேர்த்தி. உங்கள் மகன் ஏற்கெனவே அந்தக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சல்லடைக்குள் வந்துவிட்டான். அப்படி வந்த பிறகும் 9 வயதில் கையெழுத்துப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் கால்பந்தில் சம்பளம் வாங்கும் நிலைக்குப் போவதில்லை, இதில் சந்தேகம் வேண்டாம். நான் 11 வருஷத்தில் கட்டிலில் பார்த்த சிறுவர்களில் இன்று ஆடிச் சம்பாதிக்கிறவர்களை எண்ண ஒரு கை போதும்.

ஆனால் தொழில்முறை வீரனாகாமல் போவதை நான் ஆபத்தாகவே நினைப்பதில்லை. பாட்டு கற்ற எல்லாரும் கச்சேரியா செய்கிறார்கள்? அந்த எட்டு ஒன்பது வருஷத்தில் பையனிடமிருந்து எதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது என்பதுதான் எனக்குக் கவலை. அதைச் சொல்ல, இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2012-ல் 'எலீட் பிளேயர் பெர்ஃபார்மன்ஸ் பிளான்' என்று ஒரு திட்டம் வந்தது. அகாடமிகளை 1 முதல் 4 வரை தரம் பிரித்தார்கள், பயிற்சி நேரத்தைக் கூட்டினார்கள். ஒரு கிளப்பின் பையனை இன்னொரு கிளப் எடுத்துக்கொண்டால் தர வேண்டிய இழப்பீட்டுக்கு அட்டவணை போட்டார்கள். திட்டம் வந்தபோது அண்டர்-9 முதல் அண்டர்-11 வரை, பையன் கிளப்பில் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 3,000 பவுண்டு. அதற்கு மேற்பட்ட வயதில், அகாடமியின் தரத்தைப் பொறுத்து, வருஷத்துக்கு 12,500 முதல் 40,000 பவுண்டு வரை. பெரிய கிளப்புக்கு இது சில்லறை. வளர்த்த பையன்களை இப்படிச் சில ஆயிரங்களுக்குப் பறிகொடுத்துச் சலித்துப்போய், பிரென்ட்ஃபோர்ட் கிளப் 2016-ல் தன் அகாடமியையே இழுத்து மூடியது. பல வருஷம் கழித்துத்தான் மறுபடி திறந்தார்கள்.

இதில் உங்களுக்கு என்ன? இரண்டு விஷயம். பெரிய கிளப்புக்கு ஒரு பையனைக் கூடுதலாக எடுத்துவைப்பதில் நஷ்டமில்லை. ஒரு வயதுப் பிரிவில் பதினைந்து இருபது பேர் இருப்பார்கள், அதில் கிளப் உள்ளுக்குள் நம்புவது இரண்டு மூன்று பேரை. ஆனால் அந்த இரண்டு பேருக்கு ஆட்டம் வேண்டுமென்றால் மற்றவர்களும் வேண்டும். எந்தக் கோச்சும் இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். கெட்ட எண்ணத்தில் மறைப்பதாகவும் நான் சொல்லவில்லை, ஏனென்றால் 9 வயதில் யார் அந்த இரண்டு பேர் என்பதில் அவர்களே அடிக்கடி தோற்கிறார்கள். இரண்டாவது, வெளியே வருவது. கிளப்பாக விடுவித்தால் பையன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கிளப் "இரு" என்று சொல்லி நீங்கள் "வேண்டாம்" என்றால் இழப்பீடு அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும், அடுத்த கிளப் யோசிக்கும். "பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம்" என்று நீங்கள் எழுதியிருப்பது அண்டர்-9-க்கு ஏறக்குறைய சரி. அண்டர்-14-க்கு அவ்வளவு சுலபமில்லை.

கையெழுத்துப் போட்ட அன்றே கழன்று போகிற முதல் விஷயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அகாடமியில் பதிவான பையன் தன் பழைய பார்க் டீமுக்கு ஆட முடியாது. பள்ளி அணிக்கு ஆடவும் கிளப்பின் சம்மதம் வேண்டும். அதாவது இதுவரை அவன் யாரோடு சிரித்துக்கொண்டு ஆடினானோ அவர்களோடு இனி ஆட்டம் இல்லை. புது டீமில் நண்பர்கள் கிடைப்பார்கள். ஆனால் அந்த நண்பன்தான் அவனுடைய இடத்துக்குப் போட்டியாளன், இது எட்டு வயதிலேயே பையன்களுக்குப் புரிந்துவிடுகிறது. வார இறுதி ஆட்டம் வந்தால் பிறந்தநாள் விழாக்கள் போகும், நீச்சல் போகும், உங்கள் வீட்டில் தமிழ்ப் பள்ளி இருந்தால் அதுவும் ஆடிப்போகும்.

அடுத்து உடம்பு. இதில் நான் கொஞ்சம் உறுதியாகப் பேசலாம். வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில் எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது. தசைநாண் எலும்பில் பிடித்திருக்கும் இடங்கள் அப்போது மென்மையாக இருக்கும், இழுபட்டு இழுபட்டு வலிக்கும். முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே வந்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர், குதிகாலில் வந்தால் சீவர்ஸ் என்போம். பெயர்தான் பெரிது, ஓய்வும் சுமைக் குறைப்பும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஓய்வு கொடுக்க முடிவதில்லை என்பதுதான் சிக்கல். ஓர் ஏப்ரல் மாதம், யாரை வைத்துக்கொள்வது யாரை அனுப்புவது என்ற பேச்சு நடக்கும் நேரம், 13 வயதுப் பையன் ஒருவன் வந்தான். ஓடும்போது நொண்டுவதைக் கோச் கவனித்து அனுப்பியிருந்தார். வலி இருக்கிறதா என்றேன், இல்லை என்றான். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். முகம் சிரித்தபடியே இருந்தது, பாதத்தில் ஐந்து விரலும் உள்ளே மடங்கின. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், கண்ணில் தண்ணீர் வந்தது, அப்போதும் "இல்லை" என்றான். பிறகு கேட்டான்: "கோச்சிடம் சொல்லுவீர்களா?" சொன்னேன், சொல்லத்தான் வேண்டும். இரண்டு மாதம் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்படி வலியை மறைக்கிற பையன் ஒருவன் இல்லை, ஒவ்வொரு வசந்தத்திலும் நாலைந்து பேர் வருவார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால் எவரையும் கைகாட்ட முடியாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் வெளியிட்ட அறிக்கை, ஒரே விளையாட்டில் மட்டும் முழுதாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுங்கள், வாரத்தில் ஓரிரண்டு நாள் முழு ஓய்வு கொடுங்கள், வருஷத்தில் மொத்தமாக மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, அந்த விளையாட்டிலிருந்து விலக்கிவையுங்கள் என்று சொன்னது. வாரத்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட பயிற்சி நேரம் பையனின் வயதைவிடக் கூடினால் கடுமையான தேய்மானக் காயங்கள் கூடுவதாகவும் ஆய்வு இருக்கிறது. உங்கள் மகனுக்கு 8 வயது என்றால் 8 மணி நேரம். கிளப் பயிற்சி, ஆட்டம், இதற்கு மேல் நீங்கள் ஆசைப்பட்டு வைக்கிற தனிக் கோச், எல்லாம் அந்த எட்டுக்குள். தனிக் கோச்சை நிறுத்திவிடுங்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

படிப்பைப் பற்றி என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். சின்ன வகுப்புகளில் எதுவும் கெட்டு நான் பார்க்கவில்லை. அகாடமிப் பையன்கள் நேரம் தவறாமல் பழகிவிடுகிறார்கள், காரிலேயே வீட்டுப்பாடம் முடிப்பார்கள். சரிவது ஜிசிஎஸ்இ வருஷங்களில், அதாவது 16 வயதில் எழுதும் பொதுத்தேர்வுக்கு முந்தைய வருஷங்களில். அதற்குக் காரணம் நேரமின்மை என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் நேரம் இருக்கிற பையனும் படிப்பதில்லை. 16 வயதில் ஸ்காலர்ஷிப் (கிளப்பே முழுநேரப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வது) கிடைக்கும் என்று நம்புகிறவனுக்கு வேதியியல் எதற்கு என்ற எண்ணம். அந்த முடிவு வருவது டிசம்பர் வாக்கில், தேர்வு அடுத்த மே மாதம். இடையில் இருக்கிற குளிர்கால மாதங்களை நினைத்துப் பாருங்கள்.

அந்த மாதங்களில் ஒன்றில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. ஸ்காலர்ஷிப் இல்லை என்று கிறிஸ்துமஸுக்கு முன் சொல்லப்பட்ட பையன் ஒருவன், சீசன் முடியும்வரை பயிற்சிக்கு வரலாம் என்று ஏற்பாடு. கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் ஒரே அறையில் உடை மாற்றுவார்கள். ஒவ்வொரு செவ்வாயும் தொடையின் பின்தசை இறுக்கமாக இருக்கிறது என்று என்னிடம் வருவான். சோதித்தால் ஒன்றுமே இருக்காது. நான்காவது வாரம், "உனக்கு ஒன்றுமில்லை, போய் ஆடு" என்று கொஞ்சம் எரிச்சலோடு சொல்லி அனுப்பினேன். அவனுக்கு வேண்டியிருந்தது மற்றவர்கள் உடை மாற்றி முடிக்கும்வரை படுத்துக்கொள்ள ஓர் இடம், இருபது நிமிஷம். அது எனக்கு உறைத்தபோது அவன் வருவதை நிறுத்திவிட்டிருந்தான்.

விடுவிக்கப்பட்ட பையன்களின் மனநிலை பற்றி 2016-ல் இங்கிலாந்தில் வந்த ஓர் ஆய்வில், செய்தி சொல்லி மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவக் கவனம் தேவைப்படும் அளவு மன உளைச்சலில் இருந்தார்கள். ஆய்வில் இருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு, அதனால் சதவீதத்தை வேதவாக்காக எடுக்காதீர்கள். மூன்று வாரத்து வேதனை மூன்று வருஷம் நீடிக்கும் என்றும் அதிலிருந்து சொல்ல முடியாது. நான் அறிந்தவரை பலர் ஒரு வருஷத்துக்குள் எழுந்துவிடுகிறார்கள், சிலர் எழுவதில்லை. 2020-ல், மான்செஸ்டரின் பெரிய கிளப் ஒன்றின் அகாடமியில் முன்பு இருந்த 18 வயது இளைஞர் இறந்தபோது நாடே இதைப் பேசியது. ஒரு மரணத்துக்கு ஒரே காரணத்தைக் காட்டுவது தப்பு, நான் காட்ட மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகுதான் கிளப்களுக்குக் கூச்சம் வந்தது என்பது என் எண்ணம். 2022-ல் கிரிஸ்டல் பேலஸ், தான் விடுவிக்கும் 18 முதல் 23 வயதுக்காரர்களை மூன்று வருஷம் வரை தொடர்ந்து கவனிக்க ஒரு திட்டம் தொடங்கியது. உங்கள் கிளப்பிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: போன வருஷம் அண்டர்-16-ல் வெளியே போன பையன்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? பெயர் வேண்டாம், என்ன செய்கிறார்கள் என்று மட்டும். பதில் சொல்லத் தெரிந்த கிளப் வேறு மாதிரி கிளப்.

பையனை 'அகாடமிப் பையன்' மட்டுமாக ஆக்குவதில் நம் பங்கும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. லண்டனில் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஒரு பூப்புனித நீராட்டு விழா ஹாலுக்குள் அவன் நுழைகிறான். "இவன்தான் அந்த கிளப்புல ஆடுறவன்" என்று மாமா நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். அப்பாவின் வாட்ஸ்அப் படம் கிளப் சட்டை போட்ட மகன். மூன்று வருஷம் கழித்து அதே ஹாலுக்குள் அவன் அந்தச் சட்டை இல்லாமல் வர வேண்டும், அதே மாமா அதே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். கையெழுத்துப் போட்டால் போடுங்கள், படம் போடாதீர்கள்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு பத்தி. பாரி பென்னல் என்ற முன்னாள் இளைஞர் கோச் சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 2018-ல் 31 வருஷச் சிறைத் தண்டனை பெற்றார். பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான ஆண்டி வுட்வர்ட் 2016 நவம்பரில் வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் பழைய குற்றங்கள் வரிசையாக வெளியே வந்தன. இன்றைய அகாடமிகளில் பணியாளர்களுக்குப் பின்னணிச் சோதனை உண்டு, குழந்தைப் பாதுகாப்பு அலுவலர் உண்டு, அந்தக் காலத்தோடு ஒப்பிட முடியாது. அந்த அலுவலர் யார், நம்பர் என்ன என்பது உங்கள் மகனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வேறு நாடுகளில் பிள்ளைகளை விடுதியில் தங்கவைக்கும் அகாடமிகளில் ஆபத்தின் முகமே வேறு. 2019 பிப்ரவரியில் ரியோ டி ஜெனிரோவில் ஃப்ளமெங்கோ கிளப்பின் பயிற்சி மையத்தில், கண்டெய்னர்களை இணைத்துக் கட்டிய தங்குமிடம் தீப்பிடித்து, 14 முதல் 16 வயதுக்குட்பட்ட 10 பையன்கள் இறந்தார்கள். 2023 ஜூனில் போர்ச்சுகலின் வடக்கே ஓர் அகாடமியில் போலீஸ் சோதனை நடத்தி, பல நாடுகளிலிருந்து வந்திருந்த 47 இளைஞர்களைக் கண்டெடுத்தது. 36 பேர் 18 வயது நிரம்பாதவர்கள். ஊரில் உங்கள் உறவினர் யாராவது "ஐரோப்பாவில் ட்ரயல், இத்தனை லட்சம் கட்டினால் போதும்" என்ற பேச்சோடு வந்தால் ஒன்று சொல்லுங்கள்: 18 வயதுக்குட்பட்டவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதை ஃபிஃபா சில விதிவிலக்குகள் தவிரத் தடைசெய்திருக்கிறது. அந்த விதியை மீறியதற்காக பார்சிலோனாவுக்கே 2014-ல் ஆள் எடுக்கத் தடை போட்டார்கள்.

ஜூலைப் பிறப்பு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வயதுக் கணக்கு செப்டம்பர் 1-ல் தொடங்குகிறது. அதனால் அகாடமிகளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருப்பார்கள், இது பல ஆய்வுகளில் உறுதியானது. எட்டு வயதில் பத்து மாத வித்தியாசம் என்பது உயரத்தில், வேகத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். அப்படியிருந்தும் ஜூலைப் பையனைத் தேர்ந்திருக்கிறார்கள் என்றால் அவனிடம் பந்துத் திறமை நிஜமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். இப்படிப் பெரிய பையன்களோடு முட்டி மோதி நிலைத்துவிடுகிறவர்கள் பின்னாளில் ஒரு படி மேலே வருகிறார்கள் என்றும் சில ஆய்வுகள் சொல்கின்றன. நம்ப ஆசையாக இருக்கிறது, ஆனால் நிலைக்காமல் போனவர்களை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. 12, 13 வயதில் மற்றவர்களுக்கு முதலில் உயரம் வந்து, இவன் பின்தங்கித் தெரியும் ஒரு காலம் வரக்கூடும், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் 11 வருஷம் நான் ஏன் அங்கே இருந்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கோச் கையில் ஒரு பையன் பந்தைத் தொடும் விதம் ஆறே மாதத்தில் மாறுவதைப் பார்ப்பது தனிச் சுகம். தோல்வியை மென்று விழுங்கக் கற்கிறார்கள். இலவசமாக இப்படி ஒரு மைதானமும் மருத்துவக் கவனிப்பும் வேறெங்கும் கிடைக்காது. நம்மவர்களுக்கு இந்தக் கதவு அடைபட்டதும் இல்லை. வேல்ஸில் பிறந்த தமிழ்ப் பையன் விமல் யோகநாதன் 2024 ஆகஸ்டில் பார்ன்ஸ்லி அணிக்காகக் களமிறங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

இனி அந்த ஒற்றை வரி. வேண்டாமென்று சொன்னால் பின்னால் கேட்பானா? கேட்கலாம். ஆனால் எட்டு வயதில் சொல்லும் 'வேண்டாம்' கதவைப் பூட்டுவதில்லை. பின்னாளில் பெரிய வீரர்களானவர்களையே பாருங்கள். ஹாரி கேனை ஆர்சனல் கிளப் சிறு வயதிலேயே விடுவித்தது. எபெரெச்சி எசேயை அதே கிளப் 13 வயதில் அனுப்பியது, இன்னும் மூன்று கிளப்கள் அனுப்பின, 2025-ல் ஆர்சனலே பணம் கொடுத்து அவரைத் திரும்ப வாங்கியது. ஜேமி வார்டி பிரீமியர் லீக்கில் முதன்முதலாக ஆடியபோது வயது 27. இந்தக் கதைகளைக் காட்டி "விடாமல் முயற்சி செய்" என்று பையன்களிடம் சொல்வார்கள், அதற்கு நான் எதிரி, ஏனென்றால் இவர்களைப் போல முயன்று காணாமல் போனவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பெற்றோருக்கு மட்டும் இதைச் சொல்வேன்: கிளப்கள் சின்ன வயதில் எடுத்த முடிவே இவ்வளவு தப்பாகப் போகலாம் என்றால், நீங்கள் இரண்டு வருஷம் தள்ளிப்போடுவதால் எல்லாம் முடிந்துவிடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கையெழுத்துப் போடுவேன், ஒரு சீசனுக்கு. நீச்சலை நிறுத்த மாட்டேன். காரில் வீட்டுக்கு வரும்போது ஆட்டத்தைப் பற்றி அவனாகப் பேசினால் ஒழிய நான் பேச மாட்டேன். மே மாதம், கிளப் தன் முடிவைச் சொல்வதற்கு முன்பே, அவனைக் கூப்பிட்டு அடுத்த வருஷமும் போக ஆசையா என்று கேட்பேன், அவன் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்வேன்.

வீடு மாற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அண்டர்-9-ல் கிளப் உங்களுக்கு எழுதித் தருவது ஒரு வருஷம், வங்கிக்கு நீங்கள் எழுதித் தரப்போவது 25 வருஷம். தூரம்தான் கவலை என்றால், வருகிற செவ்வாய் மாலை 5 மணிக்கு அவனைப் பின்சீட்டில் உட்காரவைத்து, வீட்டுப்பாடப் புத்தகத்தையும் சாப்பாட்டு டப்பாவையும் கையில் கொடுத்து, லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 நெடுஞ்சாலையில் ஒருமுறை மைதானம் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வாருங்கள். வாரம் மூன்று முறை, குளிர்காலத்தில், அதைச் செய்ய முடியுமா என்று அன்று இரவே தெரிந்துவிடும்.